சிஸ்டரின் அலமாரிப் படங்கள்

இன்று மத்தியானம் என் வீட்டு டிவியில் 'வாடகைக்கு எடு' என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தேன். "அம்மா, அத அமுக்குங்க. எடுத்தா சீக்கிரம் பாத்துரணும், இல்லன்னா போயிரும். அவ்வளவுதான்" என்றாள். நான் அமுக்கவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். சினிமாவோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கடைசியாகச் சொன்னது நீதான். "சிஸ்டருக்கு வாடகை குடுத்துட்டு வாரேன்டி" என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு மலை பஸ் ஏறப் போவாயே, அப்போது.

அப்புறம் பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்லிப் போனை வைத்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் சுருக்கென்கிறது. துக்கம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. பாதிதான் துக்கம். மீதி பொறாமை.

நம் இருவரையும் சேர்த்து வைத்தது சின்னமனூர் பஜாரில் எங்கள் பாத்திரக்கடைக்கு எதிரே இருந்த வீடியோ கடை. நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கணவரைச் சீக்கிரமே இழந்துவிட்டு, யார் வீட்டிலும் போய் ஒண்டாமல் தனியாகக் குடியிருந்தாய். நான் கேட்டு வைத்திருந்த கேசட்டை ஒரு சனிக்கிழமை நீ வாங்கிக்கொண்டு கிளம்பினாய். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்குக் காத்துக் கெடக்கணும்? நாளைக்கு வீட்டுக்கு வாங்க, சேந்து பாப்போம்" என்றாய்.

மறுநாள் சர்ச் முடிந்து, சமையல் முடிந்து, கடைக்காரர் குறட்டை விடத் தொடங்கியதும் உன் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரை நீ கடைசிவரை 'கடைக்காரர்' என்றே சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே பழகிவிட்டது. எல்லோரும் புகழ்கிறார்கள் என்று நான் கேட்டு வைத்திருந்த அந்தப் படம் மலையாளம் என்பது ஓடத் தொடங்கியதும்தான் எனக்குத் தெரிந்தது. நீ குமுளிப் பக்கம் வளர்ந்தவள், தமிழும் மலையாளமும் உனக்கு ஒன்றுதான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நீ என் பக்கம் சாய்ந்து, காதருகில், ஒவ்வொரு வசனத்தையும் நம் பேச்சில் சொன்னாய். ஆண் பேசினால் உன் குரல் தணியும், கிழவி பேசினால் நடுங்கும். படம் முடிந்தபோது நான் படம் பார்த்தேனா உன்னைக் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அது உன் வீடு, உன் குரல். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் டிவிடி வந்தது. என் காதும் உன் வாயும் மாறவில்லை.

பிறகு வீடியோ கடையை மூடிவிட்டார்கள். "இனிமே முடியாது தாயி. எல்லாரும் போன்லயே பாத்துப்புடுறாக. கடைய மொபைல் ரிப்பேருக்கு விட்டுட்டேன்" என்றார் கடை வைத்திருந்த அண்ணன். நான் அதோடு விட்டிருப்பேன். நீ விடுகிறவளா? "நம்ம பஜார்ல இல்லன்னா எங்கனயுமே இல்லன்னு ஆயிருமா?" என்றாய்.

தேனிக்கு பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவர் டிவிடிகளை வெங்காயம் மாதிரி தரையில் குவித்து வைத்திருந்தார். வாடகை என்று கேட்டதற்கு, "வாடகைக்கு எடுத்துட்டு யாரு அக்கா திரும்பி வாராக? வேணும்னா மொத்தமா அள்ளிட்டுப் போங்க" என்றார். அள்ளி வந்ததில் பாதி கீறல். ஒரு படத்தில் கல்யாண வீட்டிலிருந்து காட்சி நேராக இழவு வீட்டுக்குத் தாவியது. செத்தது யாரென்று நாம் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்து கேபிள்காரர். உன் எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்து அவருக்குப் போன் போட்டாய். அந்தக் குரலில் நீ கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோக்கல் சேனலில் நாம் கேட்ட படம் ஓடியது. படத்துக்குக் குறுக்கே செங்கல் சூளை விளம்பரமும் காதுகுத்து வாழ்த்தும் போய்க்கொண்டே இருந்தன. கதாநாயகி அழும்போது சரியாக அவள் கண்ணின் மேல் செங்கல் விலை வந்து நின்றது. நீ சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாய். மெமரி கார்டில் ஏற்றித் தரும் கடைக்கும் போனோம். அதில் வந்தது எவனோ தியேட்டரில் உட்கார்ந்து பிடித்த படம். முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து போனவர் படம் முடியும்வரை திரும்பவில்லை. "இவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது" என்றாய்.

உனக்கு இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. படம் கிடைக்காமல் நாம் அலைந்த அந்தக் காலம்தான் எனக்குப் பிடித்த காலம். அலைச்சல் முழுவதும் நாம் இரண்டு பேர் மட்டும். சிஸ்டர் அதில் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நீ எங்கள் பாத்திரக்கடைக்கே வந்துவிட்டாய். கையில் எடுத்துப் பார்த்த குக்கர் மூடியைக் கல்லாவின் மேல் வைத்தபடியே, "எஸ்தரு, ஒரு குரல் ஞாபகத்துக்கு வந்துருச்சுடி" என்றாய். ஆபரேட்டராக இருந்த நாளில் மேகமலை எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி கோட்டயத்துக்கு டிரங்க் கால் கேட்பாளாம். லைன் கிடைக்கும்வரை உன்னோடு சினிமா பேசுவாளாம். வருஷக்கணக்காக அப்படிப் பேசியிருக்கிறீர்கள், முகம் பார்த்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆனதும் பேச்சு நின்றுபோனது. "சிஸ்டர் கிட்ட நிச்சயம் படம் இருக்கும். அங்கன பனிமஞ்சு எறங்குனா டிஷ்ஷும் எடுக்காது, ஒண்ணும் எடுக்காது. என்னத்தப் பாத்து இருப்பாக?"

அன்றுதான் முதல் சுருக். எனக்கு முன்பே உனக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள், சினிமா பேச. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவைகூட நீ அவளைப் பற்றி எனக்குச் சொல்லவில்லை.

நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாய். சிஸ்டர் ரிட்டயர் ஆகியும் மலையிலேயே இருந்தார். ஆத்திர அவசரத்துக்கு ஆள் வேண்டும் என்று எஸ்டேட்டில் குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொல்லவில்லை. அண்ணன் மகன் வளைகுடாவிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்த டிவிடிகள் ஓர் அலமாரி நிறைய. தாராளமாகத் தருவார், ஆனால் ஒரு நிபந்தனை. காசு கிடையாது. படம் வேண்டும் என்பவர் நேரில் வந்து, அவரோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். அப்புறம்தான் மற்றவற்றை எடுத்துப் போகலாம். "அதான்டி வாடகை" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மலை பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். அந்த ரோட்டைப் பற்றிப் பேசினாலே குமட்டும். நீ தனியாகப் போனாய். மறுநாள் மத்தியானம் தலையில் ஸ்கார்ஃபோடு, துண்டில் சுற்றிய டிவிடிகளோடு வந்து இறங்கினாய். சிஸ்டர் வீட்டு விறகடுப்பு, சிஸ்டர் போட்ட கடுங்காப்பி, ஜன்னலுக்கு வெளியே அட்டை கடிக்காமல் இருக்க அவர் தூவிய சுண்ணாம்பு என்று பேசினாய், பேசினாய், பேசிக்கொண்டே இருந்தாய். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்று வெண்டைக்காயை நான் நறுக்கிய மாதிரியை உன் சிஸ்டர் பார்த்திருந்தால் அறுவை சிகிச்சைக்குக் கூப்பிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டோம். வழக்கம்போல என் பக்கம் சாய்ந்து சொன்னாய். ஆனால் சிரிப்பு வருகிற இடத்துக்கு ஒரு மூச்சு முன்பே நீ சிரித்தாய். அழுகிற இடத்தில் உன் கண்ணில் தண்ணீர் இல்லை. அப்போதுதான் புரிந்தது, இதுதான் நீ அங்கே வாடகையாகப் பார்த்த படம். அந்த அழுகையை நீ மலையில் அழுது முடித்துவிட்டாய். அங்கே முதல் ஆட்டம், எனக்கு இரண்டாவது ஆட்டம்.

மாதம் ஒரு தடவை போகத் தொடங்கினாய். 'ஆமா' என்பதற்குச் சிஸ்டர் மாதிரி 'அதே' என்றாய். டீயை விட்டுவிட்டுக் கடுங்காப்பிக்கு மாறினாய். ஒரு படம் சரியில்லை என்று நான் சொன்னால், "சிஸ்டரும் அப்படித்தான் சொன்னாக" என்றாய். எனக்கென்று ஒரு கருத்து இருக்கக்கூட அந்த அம்மாள் இடம் விடவில்லை.

சும்மா இருப்பேனா? மகளிடம் சொல்லிப் பெரிய டிவி வாங்கினேன், இன்டர்நெட் கனெக்ஷன் போட்டேன். எல்லா மொழிப் படமும் இருக்கிறது, மலையேற வேண்டாம் என்று உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முறுக்கு சுட்டிருந்தேன். நாம் ரிமோட்டை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருந்தோம். இது வேண்டாம், அது வேண்டாம், இன்னொன்று பார்ப்போம். ஒரு படம் பிடித்து ஓடவிட்டால் நடுவில் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. சாயங்காலம் எழுந்து சேலையை உதறிக்கொண்டே, "தேடியே பொழுது போயிருச்சேடி. சிஸ்டரா இருந்தா, இதப் பாருன்னு ஒண்ண எடுத்துக் கையில குடுத்துருவாக" என்றாய். நீ குத்திக்காட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னாய். மிச்ச முறுக்கை நான் உனக்குக் கட்டித் தரவில்லை.

அடுத்த தடவை நீ கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். நீ நம்பவில்லை. "வாந்தி எடுத்தே செத்துப்போவ" என்றாய். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். எத்தனை வளைவு என்று நீ சொல்ல வந்தபோது உன் வாயைப் பொத்தினேன். மேலே போய்ச் சேரும்போது எனக்கு உயிர் பாதிதான் இருந்தது.

சிஸ்டர் வாசலில் நின்றார். நான் மனதில் வைத்திருந்தது சிவப்பாக, ஒல்லியாக, ஸ்டைலாக ஒருத்தியை. இவர் குட்டையாக, காலில் நரம்பு புடைத்து, ஸ்வெட்டரைப் புறம் மாற்றிப் போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "இதானோ எஸ்தர்?" என்று உன்னிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

டிவிக்கு முன்னால் இரண்டு பிரம்பு நாற்காலிகள். எனக்கு டிஸ்பென்சரியிலிருந்து ஒரு இரும்பு ஸ்டூல் வந்தது, ஊசி போட வந்தவர்கள் உட்காருவது. படம் ஓடத் தொடங்கியதும், எனக்கு மொழி தெரியாது என்று நீ முன்பே சொல்லியிருப்பாய் போல, சிஸ்டரே உரக்க விளக்கம் சொன்னார். "எஸ்தரே, ஈ ஆளு அவள ஏமாத்திப் போயி, மனசிலாயோ?" புரிந்ததா என்று ஒவ்வொரு காட்சிக்கும் கேட்டார். நீ நாற்காலியில் சாய்ந்து பேசாமல் படம் பார்த்தாய். என் காது உன் பக்கம் திரும்பியே இருந்தது. ஒரு சொல் வரவில்லை. வேறு எதையும் பொறுத்திருப்பேன். ஸ்டூலைப் பொறுத்தேன். அந்த மௌனத்தை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

படம் முடிந்து நீ தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீட்டுப் பெண்களோடு பேச வெளியே போனாய். நான் டம்ளர்களைக் கழுவினேன். சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்று துடைத்து வைத்தார். பிறகு, "இவ இங்க வந்தா எப்பவும் ஒரே பேச்சா. இது எஸ்தருக்குப் பிடிக்கும், இது எஸ்தருக்குப் பிடிக்காது, இத எஸ்தர் பாத்தா அழுவா" என்றார். "பக்கத்துல உக்காந்து இருக்கறது நான். படத்தப் பாரு பெண்ணேன்னு ஒரு நாளு சத்தம் போட்டு."

கழுவிய டம்ளரையே நான் மறுபடியும் கழுவினேன்.

"எனக்கு உன் மேல நல்ல அசூயை ஆயிருந்து" என்றார். சிரிக்கவில்லை. பொறாமைக்கு அசூயை என்ற சொல் எனக்கும் தெரியும், சர்ச் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு மொழிக்கும் பொதுவாக அன்று எங்களுக்குக் கிடைத்த சொல் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது நான் வாந்தி எடுக்கவில்லை, கவனித்தாயா? நீ ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாய். நான் எல்லா வளைவுகளையும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு நீ முன்கூட்டியே சிரித்தபோதுகூட எனக்கு வலிக்கவில்லை. அந்த நிம்மதி எத்தனை நாள் இருந்தது என்கிறாய்? நீ அடுத்த தடவை பையை மாட்டும்வரை.

அப்புறம் உனக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். உன் தம்பி போடியிலிருந்து காலையில் வந்து இருந்துவிட்டுப் போவார், பகல் முழுவதும் நான். வெளியே விடாத மழை. மலை ரோட்டில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது என்று சிஸ்டர் போனில் அழுதார். அந்த மத்தியானம் நீ கண்ணைத் திறந்து முதலில் கேட்டது என்னை இல்லை. "சிஸ்டர் வந்துட்டாகளா?" என்றாய்.

"ரோடு அடைச்சுக் கெடக்கு. தெறந்ததும் வாராக" என்றேன். உன் கை என் கைக்குள்தான் இருந்தது. அப்போதும் சுருக்கென்றது. அந்த நிலையிலும் ஒருத்திக்குச் சுருக்கென்னுமா என்று நீ கேட்கலாம். என்றது.

போனில் படம் போடட்டுமா என்று கேட்டேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாய். "நீ சொல்லு. என்னிக்காச்சும் நீ எனக்குக் கத சொல்லிருக்கியா?" என்றாய். உண்மைதான். சொன்னவள் எல்லாம் நீ. நான் கேட்டவள். எந்தப் படத்தைச் சொல்வது என்று யோசித்தேன். எதை எடுத்தாலும் நீ பார்த்தது, அதுவும் எனக்கு முன்னால் பார்த்தது. அதனால் இல்லாத ஒரு படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு பெண் கண்டக்டர். கம்பத்துக்கும் குமுளிக்கும் ஓடுகிற பஸ். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பெரியவர் கம்பத்தில் ஏறுகிறார். குமுளிக்கு டிக்கெட் எடுக்கிறார். குமுளி வந்தால் இறங்குவதில்லை. அதே சீட்டில் உட்கார்ந்து, திரும்பக் கம்பத்துக்கு டிக்கெட் கேட்கிறார். உன் பக்கம் சாய்ந்து, உன் காதருகில்தான் சொன்னேன். பெரியவர் பேசும்போது குரலைத் தணித்தேன். எனக்கு நன்றாக வரவில்லை. நீ சிரித்தாய்.

"இது எந்தப் படம்டி? நான் பாக்கலையே."

"நீ பாக்கல" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை.

"யாரு நடிச்சிருக்கா?"

"எல்லாம் புது ஆளுக."

கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றாய். கண்டக்டர் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குமுளியில் எல்லோரும் இறங்கியதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்கள் யாரைத் தேடி வருகிறீர்கள் என்று கேட்கிறாள். பெரியவர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார், வாயைத் திறக்கிறார்.

"யாருடி அந்த ஆளு?" என்றாய்.

"இடைவேள" என்றேன். உண்மையில் எனக்கு அதற்கு மேல் தெரியாது.

"நல்ல எடத்துல விட்டிருக்க. இருக்கட்டும், ஒரு தூக்கம் போட்டுட்டுக் கேக்குறேன்." அந்தத் தூக்கத்திலிருந்து நீ முழுசாக எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் சிஸ்டர் வந்தார். ஜீப்பிலும் நடந்தும் வந்திருக்கிறார். சேலை முழங்கால்வரை சேறு. உன் தம்பி உன் வீட்டைக் காலி செய்தபோது டிவிடி பிளேயரை அவர் கையில் கொடுத்தார், நீ அப்படிச் சொல்லி வைத்திருந்தாயாம். எனக்கு உன் காட்டன் சேலைகள். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த பிளேயரைத் தூக்கிக்கொண்டு அவர் ஆட்டோ ஏறியதை நான் நிற்குமிடத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன்.

இப்போது நான் மலைக்குப் போகிறேன், எலுமிச்சம்பழம் இல்லாமலே. சிஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மலையாளத்தை எனக்குச் சொல்கிறார், திரையில் நடப்பதை நான் அவருக்குச் சொல்கிறேன். உன் நாற்காலியில்தான் உட்காருகிறேன். முதல் தடவை உட்கார்ந்தபோது திருப்தியாகவே இருந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. படம் முடிந்ததும் உன்னைப் பற்றிப் போட்டி நடக்கும். உன் அப்பா உன்னைத் தோளில் வைத்துத் தியேட்டருக்குத் தூக்கிப் போன கதையை அவர் சொல்வார், எனக்கு அது தெரியாது. குடையை வீசி நாயை விரட்டி நீயே விழுந்ததை நான் சொல்வேன், அவருக்கு அது தெரியாது. யாருக்குத் தெரியாதோ அவர் முகம் சுண்டிப்போகும்.

போன தடவை அவர் கேட்டார், "கடைசியில என்னப் பத்தி ஏதும் சொன்னாளா?" சொல்லிவிட்டேன். "கண்ணு தொறந்ததும் மொதல்ல உங்களத்தான் கேட்டா சிஸ்டர். வந்துட்டாகளான்னு." அவர் ஸ்வெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு எவ்வளவு மனசு வரவில்லை என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார். "அங்க வெச்சு படம் ஏதும் பாத்தாளா?"

"இல்ல" என்றேன். படம் ஒன்றும் பார்க்கவில்லைதானே.

குமுளியில் நிற்கிற அந்த பஸ் என்னோடுதான் இருக்கிறது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அந்தப் பெரியவர் அவளுடைய அப்பா. ஒரு நாள் அவளுக்கு முன்னால் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதுவும் சரியாக வரவில்லை. நீ கேட்டிருந்தால், இல்லடி அப்படி இருக்காது என்று இரண்டாவது வரியிலேயே சொல்லியிருப்பாய். அவர் யாரென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் சிஸ்டரிடம் சொல்லமாட்டேன்.